வண்ணத்துப்பூச்சியும் வழுவாத படமும்

குறிஞ்சிப்பாட்டுப் பாடிய கபிலர், மலைச்சாரலில் பூத்துக் குலுங்கிய பூக்களைப் 'பல வண்ண மலர்கள்' என்று பொதுவாகச் சொல்லிக் கடந்து போயிருக்கலாம். அவ்வாறு செய்யாது, 99 மலர்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நிரல்படுத்தினார். தொல்காப்பியரும் மரபியலில் உயிர்களை அறிவின் வழியே வகுத்தபோது, தும்பியை மறவாது அதற்கு நான்கறிவு உயிர்களோடு இடம் தந்தார். பொருளை உள்ளவாறு காண்பதும், உரிய பெயரிட்டு அழைப்பதும், கண்டதைப் பிறழாமல் பதிந்து வைப்பதும் தமிழ் மரபுக்குப் புதியன அல்ல.

எழுத்தாணி செய்த அப்பணியில் இன்று ஒளிப்படக் கருவியும் பங்கு கொள்கிறது. வண்ணத்துப்பூச்சியை மிக நெருங்கிப் படமெடுப்பதும், எடுத்த படத்தைக் கணினியில் செம்மை செய்வதும் பொழுதுபோக்காகத் தொடங்கி அறிவுப் பணியாக வளர்ந்திருக்கின்றன. நீலகிரி மாவட்டத்துக் கீழ்க் கோத்தகிரிப் பகுதியில் நாம் பெற்ற பட்டறிவைக் கொண்டு, இக்கலையின் நுட்பங்களையும், அதில் நாம் செய்த பிழை ஒன்றையும், அப்பிழை நமக்குக் கற்பித்த பாடத்தையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

கீழ்க் கோத்தகிரி

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிக் கோத்தகிரியை அடைந்து, அங்கிருந்து கிழக்குப் புறமாகச் சென்றால் கீழ்க் கோத்தகிரி வரும். 'கீழ்' என்னும் சொல் தமிழில் தாழ்வையும் குறிக்கும், கிழக்கையும் குறிக்கும். நீலகிரியின் கிழக்குச் சரிவில் அமைந்த இவ்வூருக்கு அப்பெயர் நன்கு பொருந்துகிறது. தேயிலைத் தோட்டங்கள், அவற்றினிடையே வரிசையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், பள்ளத்தாக்குகளில் எஞ்சியிருக்கும் சோலைக் காடுகள், படுகர் ஊர்கள், இருளர் குடியிருப்புகள் ஆகியவற்றின் கலவையே இந்நிலப்பகுதி. சோலூர்மட்டம், கோடநாடு, கரிக்கையூர் என்னும் ஊர்கள் இதன் சுற்றுவட்டத்தில் உள்ளன. கோடநாட்டுக் காட்சிமுனையில் நின்றால் கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கும் தெங்குமரகடாவும் தெரியும்.

மேலே குளிர்ந்த சோலை, கீழே வெப்பமான முட்புதர்க் காடு, இரண்டிற்கும் நடுவே தோட்டம் என்னும் இவ்வமைப்பே வண்ணத்துப்பூச்சிகளுக்கு ஏற்றது. தேயிலைச் செடி அவற்றுக்குப் பெரிதாக எதுவும் தருவதில்லை. தோட்டத்தின் விளிம்பும், ஓடைக் கரையும், பாதையோரத்து உண்ணிச்செடியும், ஆவாரை, தகரை, கிலுகிலுப்பைச் செடிகளுமே அவற்றை அழைக்கின்றன. ஆதலின் பூச்சியைத் தேடுவோர் தோட்டத்தின் நடுவே அலைவதைவிட அதன் ஓரங்களில் நிற்பதே நன்று.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைகளை நோக்கி ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை வண்ணத்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வலசை வருகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை எதிர்த்திசையில் திரும்புகின்றன. கருநீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் இக்கூட்டங்களில் மிகுதி. நீலகிரியின் கிழக்குச் சரிவு இவ்வலசையின் வாயில் போன்றது. கிலுகிலுப்பைச் செடியொன்றில் பத்து இருபது கருநீல வரியன்கள் ஒருங்கே தொங்கும் காட்சியைக் கண்டவர் எளிதில் மறக்கமாட்டார்.

வலையிலிருந்து லென்ஸுக்கு

நீலகிரியின் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றிய அறிவு ஒரே நாளில் வந்ததன்று. இம்மலையில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்த ஜார்ஜ் ஹாம்ப்சன் 1888இல் நீலகிரி மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளின் பட்டியலை வெளியிட்டார். அவரே பின்னர் இலண்டன் சென்று அந்துப்பூச்சி ஆய்வில் பெரும்புகழ் பெற்றார். பள்ளி ஆசிரியரான வின்டர் பிளைத் 1940களில் நீலகிரி இனங்களைப் பற்றி எழுதினார். இந்தியப் பகுதி வண்ணத்துப்பூச்சிகள் குறித்த அவருடைய நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1957இல் வெளியிட்டது. டென்மார்க்கு நாட்டு அறிஞர் டோர்பென் லார்சன் 1980களில் மீண்டும் இம்மலையை ஆராய்ந்து, ஏறத்தாழ 300 இனங்கள் இங்கு உள்ளன எனக் காட்டினார். தமிழ்நாடு அரசு 2019இல் 'தமிழ் மறவன்' என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தது.

பழைய ஆய்வாளரின் கருவிகள் வலையும் ஊசியும் ஆகும். பூச்சியைப் பிடித்துக் கொன்று, இறகை விரித்து, ஊசியில் குத்திப் பெட்டியில் அடுக்கினார்கள். இன்று நம் போன்றோர் அவ்வாறு செய்ய வேண்டிய தேவையும் இல்லை, உரிமையும் இல்லை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பல வண்ணத்துப்பூச்சி இனங்களுக்குக் காப்பளிக்கிறது. காப்புக் காட்டினுள் நுழைவதற்கே வனத்துறையின் இசைவு வேண்டும்.

எனினும் ஊசியில் குத்திய பூச்சிக்கு ஒரு பெருமை உண்டு. நூறு ஆண்டு கழித்து எவரேனும் ஐயுற்றால், பெட்டியைத் திறந்து மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். இறகிலுள்ள புள்ளி இருந்தபடியே இருக்கும். அவ்விடத்தில் இன்று படம் அமர்ந்திருக்கிறது. எனவே பூச்சியைக் கொல்லாமல் விட்ட நாம், படத்தையாவது அதே நாணயத்தோடு காக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இக்கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

நெருங்கும் முறை

வண்ணத்துப்பூச்சி தன் உடல் வெப்பத்தைத் தானே பெருமளவில் உண்டாக்கிக் கொள்ளாது, சுற்றுப்புறத்தைச் சார்ந்தது. பறப்பதற்கு அதன் மார்புத் தசைகள் ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற வேண்டும். கீழ்க் கோத்தகிரியில் பனி படர்ந்த காலைப் பொழுதில் அது எளிதில் நிகழ்வதில்லை. ஆகவே வெயில் முகங்காட்டிய உடனே பூச்சிகள் இலை மீதும் கல் மீதும் அமர்ந்து இறகை விரித்தோ சாய்த்தோ வெயில் காய்கின்றன. காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை உள்ள அப்பொழுதே படம் எடுப்போர்க்குப் பொற்காலம். சமவெளியில் இவ்வாய்ப்பு இத்துணை நேரம் நீடிப்பதில்லை. வெயில் ஏறிய பின் ஓடையோர ஈரமண்ணை நாடலாம். ஆண் பூச்சிகள் உப்பு முதலான தாதுக்களை உறிஞ்சுவதற்காக அங்கே கூடும். உறிஞ்சும் வேளையில் அவை சற்றே மெய்ம்மறந்திருக்கும்.

பூச்சியின் கூட்டுக்கண் அசைவை உடனே உணரும். எனவே நின்ற நிலையில் விரைந்து நெருங்கலாகாது. தொலைவிலேயே தாழ்ந்து, முழந்தாளிட்டு, அடிமேல் அடிவைத்து முன்னேற வேண்டும். நம் நிழல் பூச்சியின் மீது விழுந்தால் அது பறந்துவிடும்; ஆதலின் கதிரவன் எப்பக்கம் உள்ளான் என்பதை முதலில் பார்த்துக் கொள்க. தொலைவில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைப்பது அறிவுடைமை. நெருங்குமுன் பறந்துவிட்டாலும் கண்டதற்கு ஒரு சான்று எஞ்சும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கோத்தகிரிப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமையும் கரடியும் நடமாடுவது வழக்கம். கண்ணைக் கேமராவில் பதித்தவனுக்குப் பின்னால் நிகழ்வது தெரியாது. எனவே தனியே செல்லலாகாது. ஒருவர் படமெடுக்க, மற்றொருவர் சுற்றுமுற்றும் நோக்கி நிற்க வேண்டும். தோட்டத்தில் நுழையுமுன் உரியவரிடம் கேட்டுக் கொள்வதும், மருந்து தெளித்த பகுதியைத் தொழிலாளரிடம் அறிந்து விலகுவதும் நன்று.

பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மரத்துப் போகச் செய்து படமெடுப்போர் உலகில் உண்டு. இறகைப் பிடித்து வேண்டிய பூவில் அமர்த்துவோரும், குறுக்கே நிற்கும் கிளையை ஒடிப்போரும் உண்டு. ஒடித்த கிளையின் இலையடியில் முட்டையோ புழுவோ இருந்திருக்கலாம். கரிக்கையூரில் பழங்கால மாந்தர் தீட்டிய பாறை ஓவியங்கள் உள்ளன. காண வந்தோர் சிலர் அவற்றின் மீது கீறியும் கிறுக்கியும் சேதப்படுத்தினர். காணச் சென்ற பொருளையே கெடுத்து வருவது என்ன காட்சி? ஓவியத்துக்குப் பொருந்தும் இவ்வினா உயிருக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

கருவியும் கணக்கும்

அண்மைப் படக்கலையில் 'ஒன்றுக்கு ஒன்று' என்பது அடிப்படை அளவு. 30 மில்லிமீட்டர் நீளமுள்ள இறகு, கேமராவின் உணரியிலும் 30 மில்லிமீட்டராகவே விழுமானால் அது ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கம். முழு அளவு உணரி 36க்கு 24 மில்லிமீட்டர் கொண்டது. ஆகவே அந்நிலையில் அஞ்சல் தலை அளவான ஒரு பரப்பே படத்துள் அடங்கும். 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸில் இவ்வுருப்பெருக்கம் பெற, லென்ஸின் முனை பூச்சியிடமிருந்து ஒரு சாணுக்கும் குறைவான தொலைவில் இருக்க வேண்டும்.

இவ்வளவு நெருங்கும்போது தோன்றும் பெருஞ்சிக்கல் தெளிவின் ஆழம் ஆகும். ஒன்றுக்கு ஒன்று நிலையில், லென்ஸின் துளை எஃப் 8 எனின், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே தெளிவாக விழும். எஃப் 16 எனின் இரண்டு மில்லிமீட்டர். கண் தெளிந்தால் இறகு மங்கும். இறகு தெளிந்தால் உணர்கொம்பு மங்கும். இதற்குத் தீர்வுகள் மூன்று.

ஒன்று, உருப்பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்துக் கொள்வது. அப்போது எஃப் 11 துளையிலேயே நான்கு மில்லிமீட்டர் அளவுக்குத் தெளிவு கிடைக்கும். முழுப் பூச்சியையும் காட்டுவதற்கு இதுவே போதும்.

இரண்டு, இறகின் தளமும் உணரியின் தளமும் இணையாக இருக்குமாறு கேமராவைப் பிடிப்பது. இறகை மூடி அமர்ந்த பூச்சிக்குப் பக்கவாட்டிலும், விரித்து அமர்ந்த பூச்சிக்கு நேர் மேலேயும் கேமரா இருக்க வேண்டும். செலவில்லாத இந்த ஒரு பழக்கமே பாதிப் படங்களைத் திருத்திவிடும்.

மூன்று, குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, ஒவ்வொன்றின் தெளிந்த பகுதியையும் கணினியில் ஒன்று சேர்ப்பது. அசையாத பூச்சிக்கே இது இயலும்.

துளையை மேலும் சுருக்கினால் ஆழம் கூடுமே எனலாம். கூடும், ஆனால் ஒளி மிகச் சிறிய துளை வழியே செல்லும்போது விளிம்பில் வளைந்து படம் முழுவதும் மென்மையாகிவிடும். அன்றியும், ஒன்றுக்கு ஒன்று நிலையில் உணரியை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எனவே காலை மங்கலில் கையில் பிடித்து எடுப்போர்க்குப் பிளாஷ் விளக்கு தேவைப்படும். அதன் ஒளி நேரே விழுந்தால் இறகின் செதில்கள் கண்ணாடி போல் மின்னும். வெள்ளைத் துணியோ மெல்லிய பிளாஸ்டிக் தாளோ கொண்டு ஒளியைப் பரப்ப வேண்டும்.

இவ்விடத்தில் செதிலைப் பற்றி ஒரு சொல். வண்ணத்துப்பூச்சியின் நிறம் இறகுச் சவ்வில் இல்லை. ஓடு வேய்ந்தாற் போல அதன் மேல் அடுக்கப்பட்ட நுண்செதில்களில் உள்ளது. மஞ்சள், செம்மை, கருமை ஆகியவை பெரும்பாலும் நிறமிகளால் வருவன. மயில்நீலம், பசும்பொன் போன்ற பளபளப்புகள் பல, செதிலின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் வருவன. பின்னவை பார்க்கும் கோணத்திற்கேற்ப மாறும். ஆகவே ஒரே பூச்சி இரு படங்களில் இரு நிறமாகத் தோன்றினால் திகைக்க வேண்டா, இரண்டும் உண்மையே.

விலையுயர்ந்த லென்ஸ் இல்லாத மாணவர் மனந்தளர வேண்டியதில்லை. சாதாரண லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே நீட்டிப்புக் குழாய் பொருத்தலாம்; லென்ஸின் முன்னே அண்மை வில்லை ஒன்றை இணைக்கலாம். கைப்பேசியின் கேமரா மீது கவ்வும் சிறு வில்லை இன்று குறைந்த விலைக்கே கிடைக்கிறது. பொறுமையே இக்கலையின் முதற் கருவி; அதை எக்கடையிலும் விலைக்குப் பெற இயலாது.

செம்மை செய்தல்

'எடுத்த படத்தைத் திருத்தலாமா?' என்று பெரியோர் சிலர் வினவுவர். திருத்தம் என்பது கணினி வந்த பின் தோன்றியதன்று. படச்சுருள் காலத்திலும் இருட்டறையில் ஒளியைக் கூட்டியும் குறைத்துமே படத்தைப் பிரதி எடுத்தோம். கேமரா பதிவது ஒளியின் அளவை மட்டுமே. அதைக் காணத்தக்க படமாக ஆக்குவதற்குச் செம்மை இன்றியமையாதது. ஓலைச்சுவடியைப் பதிப்பிப்போர் சிதைந்த எழுத்தைத் துலக்கிக் காட்டுவது போன்றது இது. துலக்குவது வேறு, இல்லாத எழுத்தைச் சேர்ப்பது வேறு. நல்ல பதிப்பாசிரியர் இவ்விரண்டையும் ஒருபோதும் குழப்பிக் கொள்வதில்லை.

செம்மைப் பணியை வரிசையாகச் செய்தல் நன்று. முதலில், கேமராவில் 'ரா' என்னும் மூலக்கோப்பாகவே படத்தைப் பதிவு செய்க. பழைய நாளின் நெகட்டிவுக்கு நிகரானது அது. எவ்வளவு திருத்தினாலும் மூலம் அழியாது.

அடுத்து, நிறச் சமநிலை. மூடுபனியிலும் மரநிழலிலும் எடுத்த படத்தில் நீலம் மிகும். சாம்பல் நிற அட்டை ஒன்றை அதே ஒளியில் ஒரு முறை படமெடுத்து வைத்தால், அதைக் கொண்டு மற்றப் படங்களின் நிறத்தை நேர்செய்யலாம். பிறகு ஒளியளவு, நிழற்பகுதி, வேண்டாத விளிம்பை வெட்டுதல் ஆகியவற்றைச் செய்க. மஞ்சளையும் சிவப்பையும் கூட்டும்போது கை நடுங்க வேண்டும். சிறிது மிகுந்தாலும் இறகின் நரம்பும் செதிலும் மறைந்து வெறும் வண்ணப் பூச்சாகிவிடும். கூர்மையேற்றுவது எப்போதும் இறுதி வேலை.

இவை யாவும் துலக்கல். இனிச் செய்யத்தகாதவை: பூச்சியை வெட்டி வேறொரு பூவில் ஒட்டுதல், கிழிந்த இறகை முழுமையாக்குதல், ஒரு பூச்சியை இரண்டாக்குதல், இனத்தை அறியத் துணைசெய்யும் நிறத்தை மாற்றுதல். இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய இறகைத் தொட்ட மாத்திரத்தில் தெளிவாக்கித் தருகின்றன. அவை காட்டும் செதில்கள் அப்பூச்சியினுடையவை அல்ல என்பதை உணர வேண்டும். செயலி முன்பு பார்த்த ஆயிரமாயிரம் படங்களிலிருந்து ஊகித்து வரைந்தவை. அழகுக்கு அது உதவலாம்; சான்றுக்கு உதவாது.

இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் நாம் ஒருமுறை தவறினோம்.

நாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன், மழை ஓய்ந்த ஒரு காலையில், கீழ்க் கோத்தகிரித் தோட்டப் பாதையோரம் ஒரு மஞ்சள் வண்ணத்துப்பூச்சியைக் கண்டோம். இறகை மூடித் தகரை இலையின் மீது அமர்ந்திருந்தது. நாம் கேமராவில் எடுத்தோம். உடன் வந்த முதுகலை மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் எடுத்தார். ஊர் திரும்பியதும் நம் படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினோம். இலையின் மீதும் பின்னணியிலும் தூசுப் புள்ளிகள் தெரிந்தன. லென்ஸின் துளையைச் சுருக்கும்போது உணரியில் ஒட்டிய தூசு கரும்புள்ளியாகப் படத்தில் விழும். அண்மைப் படக்கலையில் துளையைச் சுருக்கியே ஆக வேண்டும் என்பதால் இத்தொல்லை தவிர்க்க இயலாதது. ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தோம். முன்னிறகின் அடிப்புறத்தில் மங்கலாய் இருந்த ஒரு சிறு புள்ளியையும் அந்த வேகத்திலேயே துடைத்துவிட்டோம்.

துறையின் கண்காட்சியில் இரு படங்களும் அருகருகே இடம்பெற்றன. நம் படத்தின் கீழ், ஆங்கிலத்தில் காமன் கிராஸ் எல்லோ என வழங்கும் புல் மஞ்சள் எனப் பெயர் எழுதியிருந்தோம். அம்மாணவர் இரண்டையும் நெடுநேரம் நோக்கி நின்றார். பின்னர்த் தயங்கியவாறே, "ஐயா, நாம் இருவரும் எடுத்தது ஒரே பூச்சிதானே? என் படத்தில் மூன்று புள்ளி இருக்கிறது, உங்கள் படத்தில் இரண்டுதான் இருக்கிறது" என்றார்.

மூலக்கோப்பைத் திறந்து பார்த்தோம். மூன்று புள்ளிகள் இருந்தன.

இது சிறு பிழையன்று. புல் மஞ்சள் இனத்தில் ஒன்றுக்கொன்று மிகவும் ஒத்த உறவினங்கள் உண்டு. முன்னிறகின் அடிப்புறத்து நடு அறையில் இரண்டு புள்ளி இருந்தால் காமன் கிராஸ் எல்லோ. மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட் கிராஸ் எல்லோ. ஒன்றே இருந்தால் ஒன் ஸ்பாட் கிராஸ் எல்லோ. அவற்றின் வாழ்வும் வேறு. முதலாவது இனம் முட்டைகளைத் தனித்தனியே இடும்; இரண்டாவது இனம் கூட்டமாக இடும், அதன் புழுக்களும் கூடியே வாழும். கணினியில் ஒரு சொடுக்கில் ஓர் இனத்தை மற்றோர் இனமாக மாற்றியிருந்தோம். அவ்வூரில் நாம் காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்லி, கண்டதை மறைத்திருந்தோம். மனமறிந்து செய்யவில்லை என்பது உண்மை. எனினும் படத்தைப் பார்ப்பவர்க்கு அதனால் வரும் ஆறுதல் யாது?

தூசையும் புள்ளியையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருந்தது. உணரியில் ஒட்டிய தூசு எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் நிற்கும். இறகின் புள்ளியோ பூச்சியோடு இடம் மாறும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டிருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட நாம் மறந்தோம். அன்று முதல் ஒரு நெறி வகுத்துக் கொண்டோம். பூச்சியின் உடல்மீதும் இறகின்மீதும் துடைக்கும் கருவி படலாகாது. தூசு என்று உறுதியானாலும் அதை அப்படியே விட்டுவிடுக.

கண்காட்சியில் பெயரை மாற்றி எழுதினோம். மாற்றியதற்கான காரணத்தையும் அதன் கீழ் எழுதி வைத்தோம். பார்வையாளர்கள் அழகிய படங்களைவிட அக்குறிப்பின் முன்னேதான் நீண்ட நேரம் நின்றனர்.

தீட்டிய புள்ளிகள்

நாம் அறியாமல் ஒரு புள்ளியை அழித்தோம். அறிந்தே புள்ளியைச் சேர்த்தவரும் வரலாற்றில் உண்டு. 1702இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் சார்ல்ட்டன் என்பவர், ஜேம்ஸ் பெட்டிவர் என்னும் பூச்சியியல் ஆர்வலர்க்கு மஞ்சள் வண்ணத்துப்பூச்சி ஒன்றை அனுப்பினார். அதன் இறகில் கரும்புள்ளிகளும் நீலப் பிறைகளும் இருந்தன. அதுபோன்ற ஒன்றை எவரும் கண்டதில்லை. உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸே 1763இல் அதனைப் புதிய இனமாக ஏற்றுப் பெயரிட்டார். 1793இல் அவருடைய மாணவர் ஃபப்ரீசியஸ் கூர்ந்து ஆராய்ந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. அது பிரிம்ஸ்டோன் என்னும் சாதாரணப் பூச்சியே. புள்ளிகளும் பிறைகளும் வண்ணம் கொண்டு தீட்டப்பட்டவை. ஒரு பொய் 91 ஆண்டுகள் அறிவுலகில் உலவியது. அப்பிரிம்ஸ்டோன் நம் புல் மஞ்சளின் குடும்பத்தையே சேர்ந்தது என்பது வியப்புக்குரிய ஒற்றுமை.

அன்று தூரிகையும் பொறுமையும் தேவைப்பட்ட செயல் பின்னர் எளிதாயிற்று. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ், எகிப்தியப் பிரமிடுகளின் கிடைமட்டப் படத்தைத் தன் நெடிய அட்டைக்குப் பொருத்துவதற்காக இரு பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்து வெளியிட்டுக் கடுங்கண்டனத்திற்கு ஆளாயிற்று. 1990இல் ஃபோட்டோஷாப் மென்பொருள் வந்த பின்னர் அவ்வாற்றல் எல்லார் கைக்கும் எட்டியது. 2018இல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், தன் போட்டியில் முந்தைய ஆண்டு பரிசு பெற்ற எறும்புண்ணிப் படம் ஒன்றைத் தகுதி நீக்கம் செய்தது. படத்தில் இருந்தது உயிருள்ள விலங்கு அன்று, பாடம் செய்யப்பட்ட உடலாகவே இருத்தல் கூடும் என வல்லுநர் கருதியதே காரணம். படத்தை எடுத்தவர் அதனை மறுத்தார். ஆயினும் ஐயம் புகுந்த படம் தன் சொல்லை இழந்துவிட்டது.

பதிவும் பாதுகாப்பும்

படம் சான்றாக வேண்டுமானால் படத்தோடு நான்கு செய்திகள் இருக்க வேண்டும்: நாள், நேரம், இடம், எடுத்தவர் பெயர். கேமராவின் கடிகாரம் சரியாக உள்ளதா என்று புறப்படுமுன் பார்த்துக் கொள்க. பூச்சி அமர்ந்த செடியின் பெயரையும் எழுதி வைத்தால் பயன் பன்மடங்காகும். இறகின் மேற்புறம், அடிப்புறம் ஆகிய இரண்டையும் எடுப்பது நன்று. சில இனங்களில் அது இயலாது. நீலகிரிக்கும் அதை அடுத்த உயர்மலைகளுக்கும் உரிய நீல்கிரி கிளவுடட் எல்லோ என்னும் பூச்சி, அமர்ந்தால் இறகை மூடியே இருக்கும். அதன் மேற்புறத்தைப் பறக்கும்போதுதான் காணலாம். மழைக்கால வடிவம், கோடைகால வடிவம் என ஒரே இனம் இரு தோற்றம் கொள்வதும் உண்டு. ஆதலின் நாள் குறிக்காத படம் பாதிப் படமே.

பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், பொதுமக்கள் எடுத்த படங்களைச் சரிபார்த்து இந்திய வண்ணத்துப்பூச்சிகளின் தொகுப்பைப் பேணி வருகின்றனர். 2020 முதல் செப்டம்பர் மாதம் நாடெங்கும் வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடப்படுகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் கைப்பேசியில் எடுத்த படம், ஓர் இனம் இவ்விடத்தில் இந்நாளில் வாழ்ந்தது என்பதற்கு ஆவணமாக நிற்கக் கூடும். தோட்டம் கட்டடமாகலாம், ஓடை வற்றலாம், சோலை சுருங்கலாம். அப்போது அங்கே என்ன இருந்தது என்று கேட்போர்க்கு விடை சொல்ல நம் படங்களே எஞ்சும். அவை பொய்யாயின், இழந்தது இன்னதென்றுகூட எவரும் அறிய இயலாது போகும்.

நிறைவாக

மாணவச் செல்வங்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது. கேமராவை எடுத்துக் கொள்ளுங்கள். மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. கல்லூரித் தோட்டத்து ஆவாரைச் செடியிலும் புல் மஞ்சள் வந்து அமரும். பொறுமையாக நெருங்குங்கள், மூலத்தைக் காத்து வையுங்கள், ஒளியைத் துலக்குங்கள், பூச்சியைத் தொடாதீர்கள், நிலத்திலும் தொடாதீர்கள், கணினியிலும் தொடாதீர்கள்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெரியோர்க்கும் ஒரு விண்ணப்பம். நம் பிழையை நம் மாணவரே கண்டார். அவருக்குக் கேட்கத் துணிவு இருந்தது. நமக்கும் மூலக்கோப்பைத் திறந்து பார்க்க மனம் வந்தது. இவ்விரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் அப்பூச்சி இன்றும் பொய்ப்பெயரோடு அச்சுவரில் தொங்கிக் கொண்டிருக்கும். இளையோர் அச்சமின்றி வினவுவதற்கு வகுப்பறையில் இடம் தருவோமாக. இன்றும் அம்மூலக்கோப்பு நம்மிடம் உள்ளது. ஐயுறுவோர் எவரும் வந்து, பெரிதாக்கி, புள்ளிகளை எண்ணிப் பார்க்கலாம்.